பெர்கன் மழையும் காதுக்குள் குரலும்

ஜூன் மாதம், நல்ல கோடைகாலம் என்று சொல்லித்தான் என்னை வரவழைத்தாள் அக்கா மகள். இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் மழைக்கோட்டு, கழுத்தில் அவளுடைய கம்பளித் துப்பட்டா என்று மூட்டையாக நின்றுகொண்டிருக்கிறேன் பெர்கன் நகரத் தெருவில். எதிரே ஒரு காபிக் கடை. வாசலில் வரிசையாகத் தள்ளுவண்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கைக்குழந்தை மூக்குவரை போர்த்திக்கொண்டு சாரலில் தூங்குகிறது. அம்மாமார்கள் கண்ணாடிக்கு உள்ளே சூடாகக் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"யாருடி பெத்த பிள்ளைங்க இதெல்லாம்?" என்று பதறிவிட்டேன்.

"வெளிக்காத்துல தூங்கினாதான் உடம்புக்கு நல்லதுன்னு இங்க வழக்கம் சித்தி. யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க, வாங்க."

மதுரையில் குல்லா இல்லாமல் பிள்ளையை வாசலுக்குக் கொண்டுவந்தாலே தெருவே திரண்டு வந்து திட்டும். நான் நாலு எட்டு நடப்பதும் திரும்பிப் பார்ப்பதுமாகவே போனேன்.

மழையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நார்வேயின் மேற்குக் கரையில், ஏழு மலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற ஊர் இது. கடலிலிருந்து வரும் மேகம் மலையில் முட்டி, வைத்திருப்பதையெல்லாம் இவர்கள் தலையில் கொட்டிவிடுகிறது. 2006 அக்டோபர் கடைசியில் பிடித்த மழை, 2007 ஜனவரியில்தான் விட்டது. தொடர்ந்து 85 நாள்! வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கிற ஊர்க்காரியிடம் இதைச் சொன்னால் வயிறு எரியாதா? மழை நின்ற ஒரு பொழுதில் மீன்கடைப் பக்கம் போனோம். நண்டும் இறாலும் பனிக்கட்டிமேல் படுத்திருக்கின்றன. நம் மீன் மார்க்கெட்டின் நாற்றமும் கூச்சலும் மருந்துக்கும் இல்லை. இது என்ன மீன் கடையா, நகைக் கடையா என்று தோன்றியது.

மீனும் மலையும் பார்க்க மட்டும் நான் இவ்வளவு தூரம் வரவில்லை. ஆளே இல்லாமல் குரல் கேட்கிறது என்பவர்களின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பல வருஷமாக ஆராய்கிறார்கள். கென்னத் ஹுக்டால் என்ற உளவியல் பேராசிரியர் வளர்த்தெடுத்த ஆய்வுக்குழு. அதில் வேலை பார்க்கும் ஒரு பெண், அக்கா மகளின் தோழி. "ஆரோக்கியமான ஆள் ஒருத்தர் வந்து படுத்தால் நான் ஸ்கேன் எடுத்துப் பழகிக்கொள்வேன்" என்று அவள் கேட்க, என்னைக் கேட்காமலே என் மூளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள் என் அக்கா மகள்.

ஹவுக்லான்ட் மருத்துவமனைக்கு டிராம் போகிறது. 2022-இல் திறந்த புதுத் தடம். வண்டியில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காருவதில்லை. இரண்டு பேர் இருக்கையில் ஒருவர் இருந்தால் அடுத்தவர் நின்றுகொண்டே வருகிறார். பேச்சுச் சத்தம் கிடையாது. அந்த நிசப்தத்தில் திடீரென்று ஒரு சின்ன இசைத் துணுக்கு. அடுத்த நிறுத்தத்தில் வேறு இசை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனி மெட்டு வைத்திருக்கிறார்கள்! தூங்கி வழிந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், தன் மெட்டு வந்ததும் கண்ணைத் திறக்காமலே எழுந்து பையை எடுத்துக்கொண்டார். மருத்துவமனை நிறுத்தமோ மலைக்கு அடியில், பாறைக்குள் இருக்கிறது. லிஃப்ட் ஏறி வெளியே வந்தால், வேறென்ன, மழை.

ஆய்வுக்கூடத்தில் முதல் சங்கடம், பெயர். பேராசிரியர், டாக்டர், நேற்றுச் சேர்ந்த மாணவர் எல்லாரையும் முதல் பெயர் சொல்லி, வெறும் பெயராகவே கூப்பிடுகிறார்கள். எனக்கு நாக்குப் புரளவில்லை. யாரையும் கூப்பிடாமலே, "எக்ஸ்க்யூஸ் மீ" என்று காற்றைப் பார்த்துச் சொல்லிச் சமாளித்தேன். இரண்டாவது சங்கடம், அந்தத் தோழிப் பெண் நான் எதைச் சொன்னாலும் 'யா' என்று மூச்சை உள்ளே இழுத்தபடியே சொன்னாள். ஐயோ, எதையோ தப்பாகச் சொல்லி அதிர்ச்சி கொடுத்துவிட்டேனா, இல்லை இவளுக்கு இளைப்பு இருக்கிறதா? இரண்டும் இல்லையாம். ஆமாம் என்பதை மூச்சை உள்வாங்கிக்கொண்டு சொல்வது இந்தப் பக்கத்துப் பழக்கமாம். அரைமணி நேரத்தில் எனக்கும் தொற்றிக்கொண்டது.

பிறகு ஒப்புதல் படிவம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று போட்டிருந்தது. நம்மூரில் கல்யாணத்துக்குப் போகவில்லை என்பதற்கே காரணம் சொல்லி மாளாது.

முதலில் காதுச் சோதனை. ஹெட்ஃபோனில் ஒரே நேரத்தில் வலது காதுக்கு ஒரு ஓரெழுத்து ஒலி, இடது காதுக்கு வேறொன்று. ஆறு ஒலிகள்தான், தமிழில் எழுதினால் பா, டா, கா என்று மூன்றாகத்தான் தெரியும், மற்ற மூன்றும் அவற்றின் மெலிந்த உச்சரிப்பு. எது கேட்டதோ அதைச் சொல்ல வேண்டும். நான் மிக நேர்மையாக, இரண்டு காதுக்கும் சமநீதி வழங்குவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். முடிவைப் பார்த்தால் பெரும்பாலும் வலது காதுக்கு வந்ததையே சொல்லியிருக்கிறேன்! வலது கைப்பழக்கம் உள்ள பெரும்பாலோருக்கு அப்படித்தான் வருமாம். பேச்சைப் புரிந்துகொள்ளும் வேலையை நம்மில் அதிகம் பேருக்கு மூளையின் இடது பாதி முன்னின்று பார்க்கிறது. வலது காதிலிருந்து அங்கே நேர்வழி. இடது காதின் ஒலி முதலில் வலது பாதிக்குப் போய், நடுப்பாலத்தைக் கடந்து வர வேண்டும். அதற்குள் வலது காது ஜெயித்துவிடுகிறது.

இதே சோதனையைக் குரல் கேட்பவர்களுக்கு வைத்தபோது வலது காதின் வெற்றி குறைந்துபோனது. குரலின் உபத்திரவம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு குறைவு. காரணமாக இவர்கள் சொல்வதைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெளியிலிருந்து வருகிற 'பா'வைக் கேட்க வேண்டிய அந்த இடது பகுதி சும்மா இல்லை. அங்கே ஏற்கெனவே வேறொரு குரல் பேசிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது ஸ்கேன். மூன்று டெஸ்லா காந்தம், அதாவது பூமியின் காந்தப் புலத்தைப்போல ஏறக்குறைய 60,000 மடங்கு. உடம்பில் பொட்டு உலோகம் இருக்கக் கூடாது. "தங்கம் காந்தத்துல ஒட்டாதே" என்று வாதாடிப் பார்த்தேன். ஒட்டாது, ஆனால் சூடேறலாம், படமும் கெடும் என்றாள். வளையல், கம்மல், மெட்டி எல்லாம் போயிற்று. மூக்குத்தித் திருகுதான் பல வருஷமாகக் கழற்றாதது. சோப்புத் தண்ணீரோடு அக்கா மகளும் நார்வேக்காரப் பெண்ணும் என் மூக்கின்மேல் நடத்திய போராட்டத்தை ஒரு பெரிய பேராசிரியர் வாசலில் நின்று பார்த்துவிட்டு மரியாதையாக நகர்ந்தார். தாலிச் சங்கிலிக்கு மட்டும் அக்கா மகள் முன்யோசனையோடு மஞ்சள் கட்டிய நூல் கொண்டுவந்திருந்தாள். மஞ்சள் கயிற்றுக்குக் காந்தம் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

குழாய்க்குள் போனதும் அது போட்ட சத்தம் இருக்கிறதே! காதில் அடைப்பான், அதன்மேல் ஹெட்ஃபோன், அதையும் மீறித் தகரக் கொட்டகையில் கருங்கல் ஜல்லி கொட்டுகிறது. கேட்பதைப் பற்றி ஆராய இப்படியொரு இரைச்சல் யந்திரமா என்று கேட்டதற்கு, ஒலி கேட்கவைக்கும் சோதனைகளில் யந்திரத்தை நடுநடுவே நிறுத்தி அந்த இடைவெளியில் ஒலியைக் கொடுப்போம் என்றாள். என்னை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. "எதையும் குறிப்பாக நினைக்காமல் படுத்திருங்கள்." ஒரு குடும்பஸ்திரியிடம் சொல்கிற பேச்சா இது! அடுப்பை அணைத்தோமா என்பதிலிருந்து அத்தனையும் வந்தது. கொஞ்ச நேரத்தில் யந்திரத்தின் தாளம் தமிழ் பேச ஆரம்பித்தது: "எங்க போற, எங்க போற, எங்க போற." சத்தியமாக அப்படித்தான் கேட்டது. என் மாமியாரின் அதே ஏற்ற இறக்கம்.

வெளியே வந்து வெட்கத்தோடு சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, மூச்சை உள்ளிழுத்து 'யா' என்றாள். மூளை சத்தம் வரட்டும் என்று காத்திருப்பதில்லையாம். இன்னது வரும் என்று தானே ஊகித்து வைத்துக்கொண்டு, வந்ததை அதோடு பொருத்துகிறது. பொருத்த ஆதாரம் குறைவாக இருக்கும்போது ஊகமே காதில் விழுந்துவிடும். எல்லார் மூளைக்கும் அந்தத் திறமை இருக்கிறது. சிலருக்கு ஊகத்தின் பிடி இறுக்கமாகிவிடுகிறது.

திரையில் என் மூளை வந்தது. கண்ணுக்கு மேலே, நெற்றியின் இடப்பக்கம் ப்ரோக்கா பகுதி. பேச்சை உண்டாக்கும் இடம். காதுக்கு மேலே கேட்கும் பகுதி. இரண்டையும் இணைத்து வளைந்து போகிறது வில் வடிவ நரம்புக் கற்றை. நரம்பிழைகளின் ஓரமாகத் தண்ணீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் நகர்கின்றன என்று அளந்தே இந்தப் பாதையை வரைகிறார்கள். பாதை இருப்பது ஒன்று, அதில் போக்குவரத்து நடப்பது வேறொன்று. என்னைச் சும்மா படுக்கவைத்தது இரண்டாவதற்குத்தான். எந்தெந்தப் பகுதிகளில் ரத்த ஓட்டம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகிறது என்று பார்த்தால் யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடுமாம்.

குரல் கேட்கும் நேரத்தில் என்ன நடக்கிறது? 1993-இல் லண்டன் ஆய்வாளர்கள் பார்த்தபோது ப்ரோக்கா பகுதி சுறுசுறுப்பாக இருந்தது. கேட்கிறவர் மூளையில் பேசும் இடம் வேலை செய்கிறது! 1999-இல் இன்னொரு குழு, ஒலி முதலில் வந்து சேரும் கேட்கும் பகுதியே குரலின்போது விழித்துக்கொள்வதைக் கண்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அவர்களே உள்ளுக்குள் பேசுகிறார்கள், அவர்களே அதை நிஜமாகக் கேட்கிறார்கள். தன்னுடையது என்ற தகவல் மட்டும் எங்கேயோ தவறிவிட்டது.

ராத்திரி கதவைத் தட்டுகிறவர் "நான்தான்" என்று குரல் கொடுத்துவிட்டால் வீட்டில் யாரும் பயப்படுவதில்லை. நாம் பேசும்போதெல்லாம் மூளையின் பேசும் பகுதி கேட்கும் பகுதிக்கு இப்படியொரு 'நான்தான்' அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதனால் நம் சொந்தக் குரலுக்குக் கேட்கும் பகுதி சற்று அடங்கியே பதில் கொடுக்கிறது. மனச்சிதைவு, அதாவது இப்படிக் குரல் கேட்கவைக்கும் நோய், உள்ளவர்களிடம் இந்த அடக்கம் குறைவு என்று அமெரிக்காவில் ஜூடித் ஃபோர்டும் அவருடைய சகாக்களும் மூளை மின்னலைகளை அளந்து காட்டியிருக்கிறார்கள். கிச்சுக்கிச்சும் இதே கதைதான். நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிப்பு வருவதில்லை அல்லவா? குரல் கேட்பவர்கள் சிலருக்குத் தன் கை படுவதும் பிறர் கை படுவதும் ஒரே மாதிரி உறைக்கிறது என்று லண்டனில் கண்டிருக்கிறார்கள். இதைவிட எனக்குப் பிடித்தது 1987-இல் வந்த ஒரு செய்தி: வாயை ஆவென்று அகலத் திறந்து வைத்துக்கொண்டபோது பல நோயாளிகளுக்குக் குரல் நின்றுபோனது! உள்ளே ஓசையில்லாமல் பேசிக்கொண்டிருந்த தசைகளுக்கு வேலை போய்விட்டதால்தான் என்று அப்போது விளக்கம் சொன்னார்கள். கேட்டதும் என் வாய் தானாகவே திறந்தது.

அப்படியானால் அந்த வில் வடிவக் கற்றை அறுந்திருக்கிறதா என்றேன். இங்கேதான் அவள் கையை விரித்தாள். முன்மூளைக்கும் கேட்கும் பகுதிக்கும் இடையே தொடர்பு தளர்ந்திருப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் நிறைய. ஆனால் 2004-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் குழு, குரல் கேட்பவர்களிடம் அந்த வில் கற்றையின் சில பகுதிகள் இன்னும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டது. ஒரு பக்கம் தளர்ச்சி, ஒரு பக்கம் இறுக்கம். ஒரு வயர் அறுந்த கதையாக இதைச் சொல்ல முடியாது. தெரியாததைத் தெரியாது என்று அவள் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. பத்துப் படத்தைக் காட்டிப் பயமுறுத்தும் ஆள் இல்லை.

இவர்களுடைய சொந்தக் கேள்வியோ இன்னும் விசித்திரம். குரல் ஏன் வருகிறது என்பதோடு, வந்த குரல் ஏன் நிற்கிறது? குழாய்க்குள் படுத்திருப்பவர் குரல் தொடங்கும்போது ஒரு பொத்தான், நின்றதும் இன்னொரு பொத்தான் அழுத்துகிறார். விரல் அசைவதற்குச் சில விநாடி முன்பே நெற்றிக்குப் பின்னால் நடுவாக உள்ள ஒரு பகுதியில் மாற்றம் தெரிந்துவிடுகிறது, வருவதற்கு முன்பும், நிற்பதற்கு முன்பும். அந்த வாசலைப் பிடித்துவிட்டால் குரலை வெளியே அனுப்ப வழி பிறக்குமோ என்பது இவர்கள் நம்பிக்கை.

பதினொரு மணிக்கே மதியச் சாப்பாடு. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ரொட்டித் துண்டுகளைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி வந்திருக்கிறார்கள். ஒரு துண்டு இன்னொன்றோடு ஒட்டாமல் நடுவே வைப்பதற்கென்றே அளவாக வெட்டிய காகிதம் கடையில் விற்கிறார்களாம்! உள்ளே பழுப்பு நிறச் சீஸ், இனிப்பும் உப்புமாக. நான் தயிர்சாத டப்பாவைத் திறந்தேன். மோர்மிளகாய் வாசனைக்கு மூன்று மேஜை திரும்பிப் பார்த்தது.

எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்த உயரமான மனிதரை 'அனுபவ ஆலோசகர்' என்று அறிமுகப்படுத்தினாள். மனநோயைத் தானே அனுபவித்தவர், அந்த அனுபவத்துக்காகவே சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்திருக்கிறார்கள்! நம்மூரில் ஒளித்து வைக்கிற விஷயம் இங்கே தகுதிச் சான்றிதழ். நார்வேயில் மனநல சேவைகளில் இப்படிப் பலர் உண்டாம். அவருக்கு இளவயதிலிருந்து குரல் கேட்கிறது. இடது தோளுக்குப் பின்னாலிருந்து, சுத்தமான பெர்கன் வட்டார வழக்கில். இப்போதுமா என்று தயங்கிக் கேட்டேன். "இப்போது சும்மா இருக்கிறது. உங்கள் மிளகாயைப் பார்த்துப் பயந்துவிட்டது போல" என்றார். குரலின்போது கேட்கும் பகுதி வேலை செய்கிறது என்று ஒருவர் படம் போட்டு விளக்கிய நாளில்தான் நன்றாகத் தூங்கினாராம். "நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது."

பிறகு அவர் என்னைக் கேட்டார்: உங்கள் ஊரில் குரல்கள் என்ன சொல்கின்றன?

நல்லவேளை, பதில் இருந்தது. ஸ்டான்ஃபோர்டின் மானிடவியலாளர் தான்யா லூர்மன், சென்னை ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தின் டாக்டர் பத்மாவதி உள்ளிட்டவர்களோடு சேர்ந்து கலிஃபோர்னியா, கானாவின் அக்ரா, சென்னை மூன்று இடங்களிலும் இடத்துக்கு 20 பேராகக் குரல் கேட்பவர்களிடம் பேசி 2015-இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்கர்களுக்கு வன்முறையும் மிரட்டலும் நிறைந்த, முகம் தெரியாத குரல்கள். அக்ராவில் பலருக்குக் கடவுள். சென்னையில் 11 பேருக்குச் சொந்தக்காரர்கள்! சமை, கூட்டு, கடைக்குப் போ என்று வேலை ஏவுகிற குரல்கள். அந்த மனிதர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் எங்கள் தெரு அத்தை ஒருத்தி நினைவுக்கு வந்துவிட்டாள். திண்ணையில் உட்கார்ந்து, செத்துப்போன மாமியாருக்கு நாள் முழுதும் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். கோடாங்கியிடம் கூட்டிப்போய் வேப்பங்குழையால் அடித்தார்கள். அந்த மாமியார் என்னதான் சொல்கிறாள் என்று ஒருத்தரும் அவளைக் கேட்டதில்லை.

சாயங்காலம் நகரத்துக்குத் திரும்பி, செயின்ட் யோர்கன் பழைய தொழுநோய் மருத்துவமனைக்குப் போனோம். இப்போது அருங்காட்சியகம். மர வீடு, மர வாசனை, சின்னச் சின்ன அறைகள். கடைசி இரண்டு நோயாளிகள் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக இங்கேயே வாழ்ந்து 1946-இல் இறந்தார்களாம். தொழுநோய்க் கிருமியை 1873-இல் அர்மவுயர் ஹான்சன் கண்டுபிடித்தது இந்த ஊரில்தான். பரம்பரை நோய் என்று மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம். அவ்வளவு பெரிய மனிதர், நோய் தொற்றுமா என்று பார்க்க ஒரு பெண் நோயாளியின் கண்ணில் அவள் சம்மதம் இல்லாமல் கிருமியை ஏற்றப் போய், 1880-இல் நீதிமன்றம் அவருடைய மருத்துவமனைப் பதவியைப் பறித்தது. காலையில் நான் கையெழுத்துப் போட்ட படிவத்தின் அருமை அங்கேதான் உறைத்தது. அந்தக் குறுகிய அறைகளில் ஏர்வாடியும் நினைவுக்கு வந்தது. 2001 ஆகஸ்ட் 6, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகைத் தீயில் கருகினார்களே. அவர்களில் எத்தனை பேருக்குக் குரல் கேட்டதோ.

இரவு பத்தரைக்கும் ஜன்னலில் பகல் வெளிச்சம். இருட்டினால்தானே தூக்கம் வரும்! அக்கா மகளோடு பேசிக்கொண்டே கிடந்தேன். குரல் கேட்பவர் எல்லாரும் நோயாளிகள் அல்ல. நெதர்லாந்தில் ஐரிஸ் சோமர் குழுவினர், குரல் கேட்டும் நலமாக வேலைக்குப் போய்வருகிறவர்களைத் தேடிப் பிடித்து ஸ்கேன் செய்தபோது, குரலின்போது நோயாளிகளிடம் விழிக்கும் அதே பகுதிகள்தான் அவர்களிடமும் விழித்தன. வேறுபாடு, குரல் எவ்வளவு துன்புறுத்துகிறது, எவ்வளவு தன் பிடியில் இருக்கிறது என்பதில். துன்புறுத்தினால் மருந்து உண்டு, பலருக்குக் குணம் தெரிகிறது. கூடவே பேச்சுவழிச் சிகிச்சையும் உண்டு.

ஆகவே வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் ஒருவர் "யாரோ பேசுறாங்க" என்று சொன்னால், "அதெல்லாம் பிரமை, சும்மா இரு" என்று வாயை அடைக்காதீர்கள். அவருக்குக் கேட்கிறது, கேட்கும் பகுதி வேலை செய்கிறது. யார் குரல், என்ன சொல்கிறது, எப்போது வருகிறது என்று கேளுங்கள். தன்னையோ பிறரையோ வருத்தச் சொல்கிறது என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.